வழிமொழிய வந்தவள்

1

இங்கே வந்த எங்கள் சனம் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டது. மூக்கு விறைத்துப்போகும் குளிருக்குப் பழகிவிட்டது. கடைக்காரன் "பொன்ஜூர்" என்றால் திரும்பவும் "பொன்ஜூர்" சொல்லிவிட்டு, அடுத்த வசனத்துக்கு முழிப்பதற்கும் பழகிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் எழும்பி நின்று "எனக்கு இதில் சம்மதமில்லை" என்று சொல்வதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை. சொல்லிப் பார்த்தவள் என்ற உரிமையோடு எழுதுகிறேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், "உனக்கென்ன, கனடாவில் இருந்துகொண்டு என்னவும் பேசலாம்" என்று நினைப்பீர்கள். உண்மைதான். மொன்றியலில் சட்டம் யாருடைய வாயையும் கட்டவில்லை. அந்த வேலைக்கு நாங்களே போதும்.

நேற்று ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். எங்கள் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புகிற ஒரு தாய், சாவகச்சேரிக்காரி, என் தோளில் இடிக்கிற மாதிரி வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்காயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. எனக்கும் அதுதான் எண்ணம். ஆனா நான் சொன்னனெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள். கூட்டம் முடிந்து மூன்று மாதமாகிறது. இந்த மூன்று மாதத்தில் இப்படிக் காதுக்குள் சொல்லிவிட்டு ஓடியவர்கள் ஒருவர் இருவரில்லை. வீடு வந்து சேரும் வரைக்கும் எனக்கு ஆத்திரமும் பயமும் மாறி மாறி வந்தன. நடந்ததை முதலில் இருந்தே சொல்கிறேன். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பயம்தான், வேறென்ன.

2

நாங்கள் இருப்பது மொன்றியலின் லாசால் பகுதியில். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்தான் கூட. மட்டக்களப்பு, திருகோணமலைப் பிள்ளைகள் கொஞ்சம். தமிழ்நாட்டு டாக்டர், எஞ்சினியர் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். என் மகள் தர்சினிக்குப் பன்னிரண்டு வயது. தம்பியோடு பிரெஞ்சில் சண்டை பிடிப்பாள், என்னோடு ஆங்கிலத்தில் கோபிப்பாள், பசித்தால் மட்டும் தமிழ் வரும். அந்த வகுப்பில் அவளுக்குப் பிடித்த ஒரே ஆள் றெஜினா ரீச்சர்.

றெஜினா ரீச்சர் என் ஊர், மட்டக்களப்பு. அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவ. இங்கே மொன்றியல்-நோரில் ஒரு தையல் தொழிற்சாலையில் கிழமை முழுக்க உடுப்புகளுக்குப் பொத்தான் வைக்கிறா. புருசன் இல்லை, பிள்ளையும் இல்லை. தொழிற்சாலையில் அவவை ஒரு பெண் மேற்பார்வையாளர் "ஏய்" என்றுதான் கூப்பிடுவாளாம். "சனிக்கிழமை வந்தாத்தான்கா நான் ஆரெண்டு எனக்கே ஞாபகம் வருது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னா. இரண்டு பஸ் மாறி, மெட்ரோவும் ஏறி, நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு வருவா. புயல் அடித்த நாளில் பிள்ளைகள் வராமல் விட்டிருக்கிறார்கள், ரீச்சர் வராமல் விட்டதில்லை.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டிருக்கிறான்: "ரீச்சர், சண்டையில எங்கட ஆக்கள் ஒரு பிழையும் செய்யேல்லையோ?"

ரீச்சர் சொன்ன பதில் இவ்வளவுதான்: "எல்லாப் பக்கத்திலயும் பிழை நடந்திரிக்கி, மனே. எங்கட பக்கத்திலயும்தான்."

தர்சினியும் அந்த வகுப்பில் இருந்தாள், அதனால் எனக்குச் சொல் பிசகாமல் தெரியும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாட்டில் இதைச் சொல்லியிருக்கிறான். விடிந்தால் எல்லா வீட்டிலும் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் வாய் மொன்றியல் முழுக்கத் திறந்திருந்தது.

3

எனக்கு வந்த அழைப்பு வேறு மாதிரி. அழைத்தது குகன், தமிழ் வகுப்பை நடத்துகிற சங்கத்தின் செயலாளர். மரியாதையான பெடியன். என் புருசனுக்குப் பொதி கட்டும் கம்பனியில் வேலை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான்.

"அக்கா, பொதுக்கூட்டம் வருது. றெஜினா ரீச்சரைப் பாராட்டி ஒரு தீர்மானம் கொண்டுவாறம். பொன்னாடை எல்லாம் போத்தப்போறம். நடராசா மாஸ்டர் முன்மொழிவார். நீங்கள் ரீச்சரின்ர ஊர்க்காரர், நீங்கள் வழிமொழிஞ்சா வடிவா இருக்கும்."

எங்கள் கூட்டங்கள் நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். ஊரில் நடந்த மாதிரித்தான். யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது, யார் கடைசியில் நன்றி சொல்வது என்று எல்லாம் தொலைபேசியில் முடிந்துவிடும். பிறகு சனத்தைக் கூட்டுவது கைதட்டுவதற்கு. உண்மையில் இந்தக் கூட்டத்தையும் நாங்கள் விரும்பி வைப்பதில்லை. சங்கமென்றால் வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் கூட்டி, வாக்கெடுத்து, முடிவுகளைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இங்கே ஒரு விதி இருக்கிறது. கொடுக்காவிட்டால் மண்டபம் இல்லை. அதனால் கூடுகிறோம்.

குகன் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மட்டக்களப்பு ஆட்களை மேடைப்பக்கம் கூப்பிடுவதே அருமை. "பிறகு" என்பதற்கு "மறுகா" என்று நான் சொன்னால் சிரிக்கிற சனம், இப்போது எங்கள் ஊர் ரீச்சருக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறதாம். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். தொலைபேசியில் தலையாட்டினால் அவனுக்குத் தெரியுமா? அவ்வளவு சந்தோசம் எனக்கு. என்ன தீர்மானம், முழுதாக ஒருக்கால் வாசி பார்ப்போம் என்று கேட்கத் தோன்றவில்லை. பாராட்டுத் தீர்மானத்தை யார் வாசித்துப் பார்க்கிறார்கள்?

4

மாசி மாதத்து ஞாயிறு பின்னேரம். நல்ல சேலையைக் கட்டி, மேலே அந்தத் தடித்த குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ரீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. "என்ன ரீச்சர், இண்டைக்கு நீங்கதான் மாப்பிள்ள" என்று பகிடி விட்டேன். அவ சிரிக்கவில்லை. வெட்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டு என் புருசனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

சங்கத் தலைவர் நடராசா மாஸ்டர் எழும்பினார். நல்ல மனிதர். குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. தாளைப் பார்த்து வாசித்தார்.

"எமது வகுப்பின் ஆசிரியை திருமதி றெஜினா அவர்களின் அரும்பணியைப் பாராட்டி, பொன்னாடை போர்த்திக் கௌரவித்து, இன்று முதல் கற்பித்தல் பணியிலிருந்து அவருக்கு ஓய்வு அளிப்பதென இப்பொதுக்கூட்டம் தீர்மானிக்கின்றது. இதை வழிமொழியும்படி திருமதி பத்மா அவர்களை அழைக்கிறேன்."

நான் பாதி எழும்பிவிட்டேன். வாயில் "வழிமொழிகிறேன்" என்ற சொல் தயாராக இருந்தது. அந்த "ஓய்வு" காதுக்குள் ஏறக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஏறியதும் தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. ரீச்சரைப் பார்த்தேன். அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"மாஸ்டர், ரீச்சர் ஓய்வு கேட்டவவோ?" என்றேன்.

"அது தங்கச்சி, கமிட்டி யோசிச்சு எடுத்த முடிவு. அவவின்ர நன்மைக்கும்தான்."

"அவ கேட்டவவோ எண்டுதான் நான் கேட்டது."

என் புருசன் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "இரு புள்ள. மறுகா கதைப்பம்." இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மொன்றியலில் பட்டிமன்றம் என்றால் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்த அணியில் போட்டாலும் வெளுத்து வாங்குவார். அன்றைக்கு அவருடைய வாயில் என்ன கொழுக்கட்டையா என்று எனக்கு வந்த கோபம்!

"எனக்குக் கூட்டத்தில கதைச்சுப் பழக்கமில்ல," என்றேன். "ரீச்சர் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லல்ல. உண்மை சொன்னதுக்காக நிப்பாட்டுறதெண்டா, நிப்பாட்டுறம் எண்டு நேரா சொல்லுங்க. பொன்னாடையப் போத்தி அனுப்பாதிங்க. அவ சொன்னது பிழையெண்டு நினைக்கிறவங்க எழும்பி அவவோட வாதாடுங்க, அவவும் பதில் சொல்லட்டும். நான் இத வழிமொழியல்ல. எனக்கு இதில சம்மதமில்ல."

கதிரையில் இருந்துவிட்டேன்.

மாஸ்டர் தாளைப் பார்த்தார். "வேற ஆரும்?" என்றார். பின்னால் இருந்து ஒரு குரல் "வழிமொழிகிறேன்" என்றது. "ஆதரிக்கிறவை கையை உயர்த்துங்கோ" என்றார். கைகள் போயின. முன்னால், பின்னால், பக்கத்தில். எனக்குப் பக்கத்தில் என்றால் என் புருசனுடைய கை. தோளுக்கு மேல் போகாத அரைக்கை, ஆனாலும் கை.

கடைசியாக முன்வரிசையில் ஒரு கை மெல்ல எழும்பியது. றெஜினா ரீச்சர். தன்னை நிறுத்துகிற தீர்மானத்துக்குத் தானே கை தூக்கினா.

"தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது," என்றார் மாஸ்டர்.

"நான் ஒருத்தி இருக்கிறனே மாஸ்டர்," என்றேன்.

"தெரியும் தங்கச்சி. ஏகமனதாக எண்டால்தான் வடிவு."

கைதட்டல். பொன்னாடை. ரீச்சர் எல்லோரையும் கும்பிட்டா. பிறகு தேத்தண்ணீரும் ரோல்ஸும் கொடுத்தார்கள். நான் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது, கூட்டத்தைப் பின்னால் இருந்து பார்த்த தர்சினி அதிசயமாகத் தமிழில் கேட்டாள். "அம்மா, எங்கட ஸ்கூல்ல டெபா எண்டு விவாதம் செய்யேக்க ஒரு ஆள் மட்டும் நோ சொன்னா, மதாம் 'பூர்குவா' எண்டு கேப்பா. ஏன் எண்டு. இங்க ஏன் உங்களிட்ட ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்ல?" பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, இனித் தான் தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்று பிரெஞ்சில் சொன்னாள். அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

5

அதற்குப் பிறகு பயம் தொடங்கியது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன் என்று சும்மா சொல்வார்கள். எனக்கு அது சும்மா இல்லை. தொலைபேசி அடிக்கும், எடுத்தால் பேசமாட்டார்கள். பிழையான இலக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். குகன் எடுத்துக் கொடுத்த வேலையில் இருந்து இவர் கொஞ்சம் பிந்தி வந்தாலும் போச்சு, நிறுத்திவிட்டார்கள் என்று நினைப்பேன். எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் அம்மா. அவ இன்னும் மட்டக்களப்பில் தனியாக இருக்கிறா. லாசாலில் தும்மினால் மட்டக்களப்பில் கேட்கிற காலம் இது. மகள் கூட்டத்தில் எழும்பி இப்படிச் சொன்னாளாமே என்று யாராவது அந்த வாசலில் போய் நின்றால்?

ஞாயிறுகளில் அம்மா சந்தியில் இருக்கிற தொலைபேசிக் கடைக்கு வந்து நிற்பா, நான் எடுப்பேன். கூட்டம் முடிந்து அடுத்த ஞாயிறு எடுத்தால், "அம்மா வரல்ல" என்றான் கடைக்காரப் பெடியன். அன்று முழுக்க நான் சமைக்கவில்லை. மீண்டும் மீண்டும் எடுத்தேன். அடுத்த நாள்தான் அம்மாவின் பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்தக் கடைக்கு வந்து, அம்மாவுக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறா என்று சொன்னது. காய்ச்சல் என்று கேட்டுச் சந்தோசப்பட்ட மகள் நானாகத்தான் இருப்பேன்.

நான் வேலை செய்கிற பிஸ்கட் தொழிற்சாலையில் தொழிற்சங்கக் கூட்டம் நடக்கும். முதல்முறை போனபோது லூசெட் என்ற கிழவியும் நொர்மான் என்ற போர்மனும் ஒருவரை ஒருவர் மேசையில் அடித்துத் திட்டினார்கள். இன்றைக்குக் கொலைதான் என்று நான் கதவுப் பக்கம் போய் நின்றேன். கூட்டம் முடிந்தது. லூசெட் தன் போத்தலில் இருந்து நொர்மானுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். போன ஒக்டோபரில் கியூபெக் பிரிவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வந்தபோதும் ஓம் போட்டவர்களும் இல்லை போட்டவர்களும் எங்கள் சாப்பாட்டு மேசையில் முகத்தைத் தூக்கிக்கொண்டாலும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். அவர்கள் எங்களை விட நல்ல சனம் என்று நான் சொல்ல வரவில்லை. என் பெயரைச் சரியாகச் சொல்ல அவர்களில் ஒருவருக்கும் இன்னும் அக்கறை இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே "நீ சொல்வது பிழை" என்று ஒருவர் சொன்னால், அவர் இன்னும் நம்மோடு பேச விரும்புகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு அப்படிச் சொல்கிறவர் பகையாளி. ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஊர் பிழையான வழியில் போனால் யார் சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

6

காதுக்குள் சொல்ல வந்தவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருந்தார். கூட்டம் நடந்த அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு இவர் சொன்னார்: "நான் உன்ர பக்கம்தான் புள்ள."

"கை அந்தப் பக்கம் போனது?"

"அது... குகன் பாத்துக்கொண்டு நிண்டவன்."

மேடையில் எதிரணியைக் கிழிக்கிற மனிதர், போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

பிறகு தமிழ்நாட்டு டாக்டருடைய மனைவி, மெட்ரோவில். "நீங்க பேசினது ரொம்ப கரெக்ட்ங்க. எங்க வீட்டுக்காரரும் அதான் சொன்னார். ஆனா இது உங்க ஊர் விஷயம், எங்களுக்கு எதுக்கு வம்புன்னு பேசாம கை தூக்கிட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க." பிறகு அந்த வழிமொழிந்த குரலுக்குரியவருடைய தங்கை. பிறகு குகனே, எங்கள் வாசலில் இவரை இறக்கிவிட வந்தவன், காரின் இயந்திரத்தை நிறுத்தாமல்: "அக்கா, நான் செயலாளர். எழுதச் சொன்னதை எழுதுறன். மனசுக்க எனக்கும் கஷ்டம்தான்."

போன மாதம் நடராசா மாஸ்டர். பஸ் தரிப்பில் நாங்கள் இருவரும்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். "தங்கச்சி, மனசில வைச்சிருக்காதையும். எனக்கு அந்தத் தீர்மானத்தில துளியும் விருப்பமில்லை."

"அப்ப ஆருக்கு மாஸ்டர் விருப்பம்?"

"எல்லாரும் விரும்பினவை."

"ஆர் அந்த எல்லாரும்?"

"சனம் தங்கச்சி. சனத்தை எதிர்த்து என்ன செய்யிறது?"

பஸ் வந்தது. எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அந்தச் சனத்தில் ஒவ்வொருவராக என்னிடம் வந்து போய்க்கொண்டிருந்தது மாஸ்டருக்குத் தெரியாது. அவரையும் சேர்த்துத்தான்.

7

நேற்றுக் கத்தரிக்காய்ப் பக்கம் வந்தவளோடு எனக்குப் பொறுமை முடிந்துவிட்டது. இன்று ஞாயிறு காலை மொன்றியல்-நோரில் ரீச்சருடைய வீட்டுக்குப் போனேன். ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை ரீச்சர், ஆட்கள் உங்கள் பக்கம்தான், திரும்ப ஒரு கூட்டம் கேட்போம், வகுப்பை எடுத்துத் தருவோம். வழி நெடுக இதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு நல்ல சேதி கொண்டுபோகிற மாதிரி எனக்கு ஒரு துள்ளல் கூட இருந்தது.

ரீச்சர் மெலிந்திருந்தா. சனிக்கிழமைகளிலும் இப்போது தொழிற்சாலைக்குப் போகிறாவாம். தேத்தண்ணீர் ஊற்றித் தந்தா. நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன்.

"டாக்டர்ர மனிசியுமா?"

"ஓம் ரீச்சர்."

"குகனுமா?"

"ஓம்."

"மாஸ்டர்?"

"அவரும்தான். தனக்குத் துளியும் விருப்பமில்லயாம்."

ரீச்சருடைய முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ கோப்பையை மெல்ல மேசையில் வைத்தா.

"நீ ஏன் பத்மா இத வந்து சொன்ன?"

எனக்கு விளங்கவில்லை.

"எல்லாருக்கும் என்னில கோவம் எண்டு நினைச்சிட்டு இருந்தன் நான். கோவமெண்டா ஒருநாளைக்கு ஆறும். எனக்கும் அவங்கட முகத்தப் பாக்கலாம். இப்ப நீ சொல்லுறதப் பாத்தா ஒருத்தருக்கும் என்னில கோவமில்ல. கோவமே இல்லாமத்தான் எல்லாரும் கையத் தூக்கியிரிக்காங்க."

"பயம் ரீச்சர். நீங்களும் தூக்கினீங்கதானே?"

"ஓம். நானும்தான். தூக்காட்டி என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும்கா." பிறகு சொன்னா. "எங்கட அவரக் கூட்டிட்டுப் போனதும் எங்கட ஆக்கள்தான். பட்டப்பகல். அவர் சத்தம் போட்டவர். தெருவில ஒரு கதவு திறக்கல்ல. மறுகா அவர்ர செத்தவீடு, எட்டுச் செலவு முடியுமட்டும் ஒவ்வொரு வீட்டாரா வந்தாங்க. என்ர கையப் பிடிச்சு, அவர் நல்ல மனிசன் ரீச்சர், இது அநியாயம் எண்டு காதுக்குள்ள சொல்லிட்டுப் போனாங்க. எல்லாரும்தான். ஒரு வீடு மிச்சமில்ல. அதுக்குப் பிறகுதான் எனக்கு அந்தத் தெருவில இரிக்கேலாமப் போனது."

ஆறிய தேத்தண்ணீரை நான் குடித்தேன். அதற்கு மேல் ஒரு பெயரையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் புருசனுடைய பெயரை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.